மருந்து அறைக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு

காற்று வறண்டால் பட்டாசு ஆலையில் ஆபத்து கூடும். உடம்பிலும் துணியிலும் நிலைமின்சாரம் சேரும். சிறு பொறி பட்டாலும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனால் உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். படிக்கவும் வேண்டாம், பட்டன் அழுத்தவும் வேண்டாம்.

ஆலங்குளம், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆலை ஒன்றில் இந்தக் காவலுக்குக் கம்ப்யூட்டரையும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். சென்சார் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளக்கும். அளவு மீறினால் எச்சரிக்கும். இப்படிக் கம்ப்யூட்டர் மேசையை விட்டு இறங்கி, நாம் புழங்கும் இடத்தோடு கலந்துவிடும் என்று ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991-இல் எழுதினார்.

சென்சாரைக் கடையில் வாங்கிவிடலாம். அது யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது. மருந்து செலுத்துகிறவருக்கு இரண்டு கையிலும் வேலை. கண் மருந்தை விட்டு நகராது. செல்போன் உள்ளே கூடாது. சென்சாரே பொறி கிளப்பிவிடக் கூடாது என்பதால், வெடிபொருள் இருக்கும் இடத்துக்கென்று சான்று பெற்ற கருவிதான் வேண்டும். ஆபீசில் திரை வைத்தால் போர்மேனுக்குத் தெரியும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் தலை நிமிராமலே உணரும்படி, வாசலுக்கு வெளியே பளிச்சென்ற விளக்கும் தனித்துக் கேட்கும் ஒலியும் வேண்டும்.

விளக்கு எதைச் சொல்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ விளக்கு அணைந்திருந்தது. 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். வால்வு மூடியதா என்று அது காட்டவில்லை. மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறியதில் எது முக்கியம் என்றும் புரியவில்லை. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறி, உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகியது. மருந்து அறைக்கும் இதே பாடம்தான்: சென்சார் பழுதானால் விளக்கு 'பத்திரம்' என்று காட்டக் கூடாது, பழுது என்றே காட்ட வேண்டும்.

பயன்படுத்துகிறவரையும் அவர் வேலையையும் இடத்தையும் முதலில் புரிந்துகொள்; தொடக்கம் முதல் அவரைச் சேர்த்துக்கொள்; சோதித்துச் சோதித்துத் திருத்து. ஐ.எஸ்.ஓ. 9241-210 என்ற பன்னாட்டுத் தரநிலை கேட்பது இதைத்தான். இங்கே அவருடைய கூலியும் அந்தப் புரிதலில் அடங்கும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர், விளக்கு எரிந்ததும் எழுந்து வெளியே போனால் அன்றைய வருமானம் குறையும். நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆலை முடிவெடுத்தால்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்யும்.