நாற்பது ஆண்டு கடந்தும் ஆட வைக்கும் பாட்டு

டிசம்பர் 31 நள்ளிரவில், பெர்மாஸ் ஜெயாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு வீட்டில் ‘இளமை இதோ இதோ’ தொடங்கினால், புத்தாண்டு பிறந்துவிட்டது என்று பொருள். நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே வந்த பாட்டு அது. ஆனாலும் என் வயதுடையவர்கள் யாரும் அதை மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் என்ன?

1982இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘சகலகலா வல்லவன்’ படத்தின் பாடல் இது. இசை இளையராஜா, வரிகள் வாலி, குரல் எஸ்.பி. பாலசுப்ரமணியம், திரையில் ஆடியவர் கமல்ஹாசன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1979 ஜூலை 12 அன்று, அமெரிக்காவின் சிக்காகோ விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோவின் காலம் முடிந்தது என்று அங்கே பேசினார்கள். தமிழர் வீடுகளிலோ அது இன்னும் ஒலிக்கிறது.

முதல் காரணம் தாளம். டிஸ்கோவில் பெரிய டிரம் நான்கு எண்ணிக்கைக்கும் சீராக அடிக்கும். நடனம் கற்றிருக்க வேண்டியதில்லை. கை தட்டத் தெரிந்தால் போதும். இரண்டாவது காரணம் நாள். புத்தாண்டு வாழ்த்தோடு தொடங்குவதால், ஆண்டுதோறும் இந்தப் பாட்டுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

மூன்றாவது காரணத்தை என் வீட்டிலேயே காண்கிறேன். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், நாங்கள் தூங்கப் போகும் நேரத்தில்தான் திரும்புவார். நான் கேட்கும் பாடல்கள் அவருக்குத் தெரியாது. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுவோம். வேறு எந்தப் பாட்டும் எங்களை அப்படி எழுப்பியதில்லை.

2025இல் வெளிவந்த ‘குட் பேட் அக்லி’ படத்தில் இப்பாடலைத் தம் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக இளையராஜா நீதிமன்றம் சென்றார். பழைய பாட்டு என்றாலும் அதை உருவாக்கியவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அந்த வழக்கு நினைவூட்டியது.

மாணவர்களே, கல்லூரி விழாவில் இப்பாடலுக்கு ஆடப் போகிறீர்களா? மேடையேறும் முன் அந்த நால்வரின் பெயரையும் அறிவிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். வாலியும் பாலசுப்ரமணியமும் இன்று நம்மிடையே இல்லை. ஆடும் நமக்கு அவர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.