கடைக்கு ஆள் கூப்பிடும் காற்று மனிதன்!

பெங்களூரு ஓசூர் ரோடு. காலை 10 மணி. செல்போன் கடை ஒன்றின் ஷட்டர் மேலே போகிறது. உள்ளே முதலாளி சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார். வெளியே கடை ஊழியருக்கு வேறு வேலை. சுருட்டி வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்து உதறுகிறார். அதன் அடிப்பக்கத்தை ஒரு மின்விசிறியின் வாயில் மாட்டி இறுக்கிக் கட்டுகிறார். சுவிட்சைப் போடுகிறார்.

அவ்வளவுதான்! தரையில் கந்தலாகக் கிடந்த துணி, படபடவென்று எழுந்து நிற்கிறது. இரண்டு ஆள் உயரம். முட்டைக் கண், அகன்ற வாய், நீண்ட கைகள். இடுப்பு ஒடிகிறது, தலை தரையைத் தொடுகிறது, மறுபடி எழுகிறது. பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, "அப்பா, அந்த மாமா ஏன் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாரு?" என்று கேட்கிறது. அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார். கூடவே கடையின் பெயரும் கண்ணில் படுகிறது.

கடைக்காரருக்கு வேண்டியது அதுதான்!

செல்போன் கடை, பெட்ரோல் பங்க், புதிதாகத் திறந்த துணிக்கடை, வீட்டு மனை விற்கும் இடம் என்று எங்கே பார்த்தாலும் இந்தக் காற்று மனிதன் ஆடுகிறான். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, லீவு கேட்பதும் கிடையாது. ஆனால் அவனை ஆட வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆடுவது எப்படி?

பொம்மைக்குள் கம்பி இல்லை, கயிறு இல்லை. பாராசூட் துணி என்று கடைகளில் சொல்லும் மெல்லிய நைலான் துணியைக் குழாய் போலத் தைத்திருக்கிறார்கள். அடியில் காற்று ஊதும் விசிறி. தலையிலும் கைகளின் நுனியிலும் காற்று வெளியேற வழி. கீழே இருந்து காற்று புகுந்ததும் துணி விறைத்து நிற்கிறது. மேலே காற்று வெளியேற வெளியேறத் துணி தளர்ந்து ஒரு பக்கம் மடங்குகிறது. மடங்கிய இடத்தில் காற்றுக்கு வழி அடைபடுகிறது. அதற்குக் கீழே அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் பொம்மையை மறுபடி நிமிர்த்துகிறது. இதுதான் நாள் முழுக்க நடக்கும் நாட்டியம்!

கரண்ட் செலவும் உண்டு. விசிறியின் மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், 10 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஏழரை யூனிட் ஆகும்.

ஒலிம்பிக்கில் பிறந்தவன்

இந்தப் பொம்மை ஏதோ ஒரு கடைக்காரரின் யோசனை என்று நினைத்தால் தவறு. இது பிறந்தது 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்காக. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் திருவிழா ஊர்வலங்களுக்கு வேடங்கள் அமைத்துப் புகழ் பெற்றவர் பீட்டர் மின்ஷால். காற்றில் ஆடும் நெட்டை மனிதர்களை யோசித்தவர் அவர். அதைச் செய்து முடிக்க இஸ்ரேல் நாட்டுக் கலைஞர் டோரன் காசிட்டின் துணை கிடைத்தது. இரண்டு கால்கள் கொண்ட அந்தப் பொம்மைகளுக்கு "டால் பாய்ஸ்", அதாவது நெட்டைப் பையன்கள் என்று பெயர்.

2001-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதில் காசிட்டின் பெயர் இருக்கிறது. மின்ஷாலின் பெயர் இல்லை! யோசித்தவர் ஒருவர், உரிமை வேறொருவர் பெயரில். உழைப்பவர் உலகத்தில் இது புதிய கதையா என்ன?

பிறகு இரண்டு கால் ஒற்றைக் குழாயானது. அமெரிக்காவில் பழைய கார் விற்கும் கடைகள் அதை வாசலில் நிறுத்தின. அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. ஊரை அலங்கோலப்படுத்துகிறது என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2008-ல் இதற்குத் தடை விதித்துச் சட்டம் செய்ததும் உண்டு.

தூரிகை போன கதை

பெங்களூருவின் பழைய தமிழர்களுக்கு வேறு ஒரு ராட்சத மனிதன் நினைவில் இருப்பான். கெம்பேகவுடா ரோட்டில் சாகர், சந்தோஷ், நர்த்தகி ஆகிய தியேட்டர்களின் வாசலில் வானளாவி நின்ற கட்-அவுட்! சாரம் கட்டி, ஒட்டுப்பலகை அறுத்து, சின்னப் படத்தில் கட்டம் போட்டு அதைப் பெரிதாக்கி, கண்ணையும் மூக்கையும் தூரிகையால் எழுதிய ஓவியர்கள் இருந்தார்கள். நடிகருக்கு மாலை விழுந்தது, பாலும் ஊற்றினார்கள். எழுதியவர் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்.

பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரே இரவில் அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரத்துடன் தூரிகை போட்டி போட முடியுமா? பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். பிளக்சுக்கும் சோதனை வந்தது. 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு போட, மாநகராட்சி ஊர் முழுக்கத் தட்டிகளையும் பேனர்களையும் கழற்றி எறிந்தது. அச்சுக் கூடங்களிலும் வேலை இழந்தார்கள். முன்பு தூரிகைக்காரனை ஓரம் கட்டிய இயந்திரமே இப்போது ஓரத்தில் நின்றது!

சட்டம் என்ன சொல்கிறது?

"பேனர்தானே கூடாது, பொம்மைக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1981-ம் ஆண்டின் கர்நாடகத் திறந்த வெளிகள் அலங்கோலத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் உள்ளாட்சியின் எழுத்து மூலமான அனுமதி இன்றி விளம்பரம் வைப்பதைத் தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அதில் இடம் உண்டு. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி 5 மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. கடை எந்த எல்லையில் வருகிறதோ, அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

நடைபாதையில் அதிகாரி வந்து நிற்கும்போது முதலாளி பெரும்பாலும் கடையில் இருப்பதில்லை. பதில் சொல்ல முன்னே நிற்பவர் ஊழியர்தான்.

விளம்பரம் உயிரையும் வாங்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2019 செப்டம்பர் 12-ந் தேதி பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்ததில், ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் என்ஜினீயர் நிலை தடுமாறிக் கீழே விழுந்து, லாரி ஏறி உயிரிழந்தார். காற்றுப் பொம்மை பேனரைப் போலக் கனமானது அல்ல. ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். கடைக்குள்ளிருந்து நடைபாதை குறுக்கே ஒயர் இழுத்து, ஈரத் தரையில் மோட்டாரை வைத்தால் என்ன ஆகும்? பெங்களூரு மழை சொல்லிக்கொண்டு வருவதில்லையே! மழை பிடித்ததும் ஓடிப்போய் மோட்டாரைத் தூக்குபவரும் அதே ஊழியர்தான்.

முதலில் உள்ளே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனத்தை அந்த லைனில் பொருத்தச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்பது சலுகை அல்ல; உயிர்!

நிற்பவனுக்கு ஒரு ஸ்டூல்

சனி, ஞாயிறுகளில் வீட்டு மனை விற்பவர்கள் அம்புக்குறி போட்ட தட்டியை ஓர் ஆளிடம் கொடுத்து வெயிலில் நிறுத்துகிறார்கள். சில கடைகளில் கரடி வேடம் போட்ட ஆள், தலைக்குள் வியர்வை வழியக் குழந்தைகளுக்குக் கை கொடுக்கிறார். காற்று மனிதன் வந்தது அவர்களுக்கு நல்லதுதான் என்று சொல்லலாம். வெயிலில் ஒரு மனிதன் குறைவாக நிற்கிறான். ஆனால் அந்த நாள் கூலியும் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சில விவசாயிகள் இதே பொம்மையைப் பழத் தோட்டங்களில் நிறுத்திப் பறவைகளை விரட்டுகிறார்கள். நம் ஊர்ச் சோளக்கொல்லைப் பொம்மையின் வேலை! கடை வாசலில் வா வா என்கிறான். காட்டில் போ போ என்கிறான். ஆட்டம் ஒன்றுதான்.

இரவு 10 மணி. சுவிட்ச் அணைகிறது. இத்தனை நேரம் ரோட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவன் ஒரு நொடியில் சுருண்டு விழுகிறான். அவனைத் தூசு தட்டி, மடித்து, மூலையில் வைத்துவிட்டுக் கடைசி பஸ்சுக்கு ஓடுகிறார் ஊழியர். காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சுகின்றன.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தில் எழுதி வைத்தன. சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா? விழுந்து விழுந்து எழும் பொம்மைக்கு மோட்டார் வாங்கித் தந்த முதலாளிகளுக்கு, விழாமல் நிற்கும் மனிதனுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுவது பெரிய காரியமா?