பிராட்பேண்ட் படுத்துகிறதா? சட்டம் உங்கள் பக்கம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்துவிட்டீர்கள். ஆனால் சொன்ன வேகம் வரவில்லை. இணைப்பே இல்லாத நாட்களுக்கும் பில் வருகிறது. என்ன செய்வது? கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. இதில் 'சேவை' என்ற சொல்லின் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பும் சேர்க்கப்பட்டுள்ளது. 2009ல் உச்ச நீதிமன்றம், டெலிபோன் பில் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று கூறியிருந்தது. 2022 பிப்ரவரி 16ல் அந்தத் தடை நீங்கியது. மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டி வந்த அகமதாபாத்காரர் ஒருவருக்கு 24,609 ரூபாய் மொபைல் பில் வந்த வழக்கு அது. நுகர்வோர் மன்றத்திற்குச் செல்லலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி வழிமுறைகளைப் பார்ப்போம்.

1. முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் மையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் தரும் டாக்கெட் எண்ணைத் தேதியுடன் குறித்துக் கொள்ளுங்கள்.

2. தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதுங்கள். கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் அமைப்பு தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

3. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

4. கடைசியாக, மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

என் வீட்டிலும் ஒருமுறை 11 நாட்கள் இணைப்பு இல்லை. பில் மட்டும் முழுதாக வந்தது. போனில் பேசியபோது யாரும் அசையவில்லை. 3 டாக்கெட் எண்களையும் தேதி வாரியாக எழுதி மேல்முறையீடு அனுப்பினேன். அடுத்த பில்லில் 11 நாள் வாடகையைக் கழித்துக் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் சாட்சி இருந்தால் வேலை நடக்கும் என்று புரிந்தது.

எனவே பில், பணம் கட்டிய ரசீது, திட்ட விளம்பரம் ஆகியவற்றை ஒரு போல்டரில் சேமியுங்கள். வேகத்தைச் சோதிக்கும்போது வைஃபையில் பார்க்காதீர்கள். மோடத்திலிருந்து லேன் கேபிளை நேரடியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள். முடிவைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரத்தில் '100 எம்பிபிஎஸ் வரை' என்று இருந்தால், அந்த 'வரை' என்ற சொல்லையும் கவனியுங்கள். நிறுவனம் அதைத்தான் முதலில் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. வணிக நோக்கத்திற்காக வாங்கிய இணைப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்றே ஒரு நோட்டு போட்டு, முதல் டாக்கெட் எண்ணை எழுதத் தொடங்குங்கள்!