இது எந்த வண்டியோடது?

டீ வரட்டும். அதற்குள் பாகங்கள் நிறைந்த அந்தச் சாக்குப்பையை மேசைமேல் மெதுவாகக் கவிழ்த்துவிடுங்கள். துடைக்க மட்டும் வேண்டாம். பிரித்துப்போட்ட பழைய வண்டியை வாங்கி வருகிறவர்கள் முதல் வேலையாக எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டு அலசுகிறார்கள். பாதித் தடயம் அந்த வாளியிலேயே போய்விடுகிறது. வாஷரின் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் அது சைலன்ஸரை ஒட்டி இருந்திருக்கலாம். கிரீஸும் மணலும் குழைந்த பிசுக்கு செயின் ஓடும் இடத்தைச் சொல்லும். வெள்ளையாகப் பூத்த பொடி என்றால் பேட்டரி ஆசிட் பட்டிருக்கலாம். படம் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, சீட்டுக் கட்டிய பிறகு கழுவலாம்.

‘இது என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் கடைசியில்தான் கிடைக்கும். முதலில் கேட்க வேண்டியது, ‘இது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது?’ உரசிய இடம் பளபளக்கும், உரசாத இடத்தில் பெயிண்ட் இருக்கும். சுற்றியதா, முன்னும் பின்னும் அசைந்ததா, சும்மா இறுகிக் கிடந்ததா என்பதைக் கீறல்களின் திசையே காட்டிவிடும்.

எண் இருந்தால் பாக்கியம். பேரிங்கில் 6204 என்று பொறித்திருக்கிறதா? கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 20. அதுதான் உள்துளையின் விட்டம், மில்லிமீட்டரில். 04 முதல் மேலே இந்தக் கணக்கு செல்லும்; 03 என்றால் 17, 02 என்றால் 15. உள்ளே நுழைந்த தண்டின் அளவு தெரிந்துவிட்டதால், பையில் அதே அளவுள்ள தண்டைத் தேடினால் போதும். 6204-க்கு வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த ஊர்க் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆகவே பேரிங் எண் வண்டியின் பெயரைச் சொல்லாது, இடத்தைத்தான் சொல்லும்.

அடுத்தது மரை. புல்லட் வைத்திருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 350 சிசி புல்லட்டைப் பூட்டத் தொடங்கினார்கள். 1957-ல் பாகங்களை இங்கேயே செய்வதற்கான கருவிகள் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. அந்தக் கருவிகள் பேசியது அங்குலக் கணக்கு. நாடோ 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. அதனால் ஒரே புல்லட்டில் சைக்கிள் மரை, விட்வொர்த் வகை மரை, பிற்கால மெட்ரிக் மரை மூன்றும் கலந்திருப்பதைப் பார்க்கலாம்.

வெர்னியரில் 7.94 மில்லிமீட்டர் காட்டும் போல்ட்டை ‘எட்டு எம்எம், கொஞ்சம் தேய்ந்திருக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தேயவில்லை, பதினாறில் ஐந்து பங்கு அங்குலம். ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 26 என்றால் சைக்கிள் மரை, 22 என்றால் விட்வொர்த் வகையிலேயே நெருக்கமான பிஎஸ்எஃப், 18 என்றால் விட்வொர்த்தாகவோ அமெரிக்க யூஎன்சியாகவோ இருக்கும். சாதாரண எட்டு எம்எம் போல்ட்டில் இருபது சுமாருக்கு வரும். கால் அங்குல போல்ட்டில் இன்னும் நுட்பமான சிக்கல்: அங்கே பிஎஸ்எஃப்பும் 26, சைக்கிளும் 26. ஆனால் பிஎஸ்எஃப்பில் மரையின் கோணம் 55 டிகிரி, சைக்கிளில் 60. நட்டு ஏறுவதுபோலவே ஏறும், அப்புறம் கடிக்கும். விரலால் சுற்றி முழுக்கப் போகாத நட்டை ஸ்பேனர் போட்டு முடுக்காதீர்கள். அங்கே நாசமாவது நட்டு மட்டுமில்லை.

மரை எதிர்ப்பக்கம் சுற்றினால் அதுவே ஒரு தகவல். சுழலும் தண்டின் நுனியில், ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இடது மரை போடுவார்கள். புல்லட்டில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு அப்படிப்பட்டது.

புல்லட்டுக்கே உரிய விநோதங்கள் சிலவற்றைப் பெயரோடு தெரிந்துகொண்டால் பை சீக்கிரம் காலியாகும். ஆப்பு வடிவ ரப்பர் துண்டுகள் பின்சக்கர ஹப்புக்குள் குலுக்கலைத் தாங்குபவை. கம்பளி போன்ற ஃபெல்ட் குழாய் ஆயில் ஃபில்டர்; துணிக்குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கியர் மிதிக்குப் பக்கத்தில் வரும் குட்டி மிதி நியூட்ரல் ஃபைண்டர்: வலது பக்கம் கியர் இருந்த காலத்து வண்டிகளில், மேல் கியரிலிருந்து ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வரலாம்.

ஆனால் நம் பக்கத்துப் பைகளில் புல்லட்டோடு எந்த வகையிலும் ஒட்டாத பாகங்களும் கிடைக்கும். அவற்றைப் பார்த்தால் ராணிப்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1980களில் என்ஃபீல்டு இந்தியா சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே அங்கே தனித் தொழிற்சாலை நடத்தியது. 50 சிசி சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், பெரியதாக ஃப்யூரி 175. மூன்றும் ஜெர்மனியின் சுன்டாப் வடிவமைப்பில் பிறந்தவை. 1917-ல் நியூரம்பெர்க்கில் தொடங்கிய அந்தக் கம்பெனி 1984-ல் மியூனிக்கில் மூடப்பட்டது. தோலுக்குப் பேர்போன நம் ராணிப்பேட்டை ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளும் செய்தது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அது வருத்தம். காயலான் கடையில் கிடைக்கும் பாகத்தை ‘என்ஃபீல்டு’ என்று தேடினால் புல்லட்டே வந்து நிற்கும். ‘சுன்டாப்’ என்று தேடுங்கள். ஐரோப்பாவில் அந்த வண்டிப் பிரியர்கள் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். படம் பொருந்தினாலும் வெர்னியர் வைத்து அளந்த பிறகே நம்புங்கள்.

ஃப்யூரியின் சிலிண்டர் பேரல் கையில் கிடைத்தால் மிகவும் கவனம். வழக்கமாக அலுமினியப் பேரலுக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கும். ஃப்யூரியில் ஸ்லீவ் கிடையாது. அலுமினியத்தின் மேலேயே கடின குரோமியப் பூச்சு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னும். ஒரு காந்தத்தை உள்சுவரில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு: வேறு வண்டிப் பேரலாக இருக்கலாம், அல்லது யாரோ பின்னால் ஸ்லீவ் போட்டிருக்கலாம். ஒட்டாவிட்டால் ஸ்லீவ் இல்லாத பூச்சுப் பேரல்தான். அதை லேத்துக்கடையில் ரீபோர் செய்யக் கொடுத்தால் மெல்லிய பூச்சு உரிந்து, அடியிலுள்ள மெத்தென்ற அலுமினியத்தில் பிஸ்டன் ஜாம் ஆகும். அப்படிப்பட்ட பேரலுக்குக் குரோமியம் பூசிய ரிங்கும் போடக் கூடாது; குரோமியமும் குரோமியமும் உரசினால் ஒன்றையொன்று பிறாண்டும். சாதாரண வார்ப்பிரும்பு ரிங்தான்.

பூச்சு தேய்ந்த பேரலுக்கு மறுபடி குரோமியம் பூசலாமே என்றால், அந்தத் தொட்டியில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம், கொடிய நஞ்சு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். கழிவை முறையாகக் கையாளும் இடத்தில் பூசுங்கள். இல்லாவிட்டால் நல்ல லேத்காரரிடம் ஸ்லீவ் போடுங்கள்.

கடைசியாக, பையின் அடியில் கிடக்கும் அந்தப் பழுப்பு வளையம். கருவாடாய்க் காய்ந்திருக்கிறது, பார்த்தால் ரப்பர் மாதிரி. அது தோல். செயற்கை ரப்பர் பரவுவதற்கு முன் ஆயில் சீல்களைத் தோலில் செய்தார்கள். எனவே இந்தப் பையில் ஏதோ ஒரு பாகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்ததாக இருக்கலாம். வளையம் கழன்ற குழியைத் தேடுங்கள். உள்விட்டத்துக்குப் பொருந்தும் தண்டும் பையில் இருக்கலாம்.

அது என்ன பதனிட்ட தோல் என்று சொல்ல ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஆளுக்கா பஞ்சம்? ஓரத்தில் மயிரிழை சீவி எடுத்துக் கொதிநீரில் போட்டால், பட்டை, கடுக்காயால் பதனிட்டது சுருண்டு குறுகும். குரோம் தோல் பெரும்பாலும் தாங்கி நிற்கும். சீவிய குறுக்குவெட்டில் நீலச்சாம்பல் தெரிந்தாலும் குரோம்தான். அந்த விடையோடு, வளையத்தின் தடிமனையும் உள்விட்டத்தையும் எழுதிக்கொண்டு தோல் வெட்டுகிறவரிடம் போங்கள். அதே வகைத் தோலில், அதே தடிமனில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். பழைய வளையத்தை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். குழி இன்னும் கிடைக்கவில்லையே.