தக்காளி திடீரென வாடுவது ஏன்?

நேற்று மாலை வரை தளதளவென்று நின்ற தக்காளிச் செடி இன்று உச்சி வெயிலில் தலை தொங்கிவிடுகிறது. இலை பழுக்கவில்லை, பச்சையாகவே துவள்கிறது. சில நாட்களில் செடி மடிகிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் பாய்ச்சினால், அடுத்தடுத்த செடிகளும் சாய்கின்றன.

இது பாக்டீரியா வாடல் நோய். இதை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற கிருமியை 1896-இல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்தார். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, நிலக்கடலை உள்பட 200க்கும் மேற்பட்ட செடியினங்களை இது தாக்கக்கூடியது.

இக்கிருமி மண்ணில் தனித்தனியாக இருக்கும்போது நீந்தி வேரைத் தேடும். பக்கவேர் கிளைக்கும் இடத்து வெடிப்பு, களைக்கொத்து பட்ட காயம், நூற்புழு துளைத்த இடம் ஆகியவற்றின் வழியே உள்ளே நுழைந்து, தண்டின் நீர்க்குழாய்களில் பெருகும். ஒவ்வொரு கிருமியும் ஒரு வகை கொழுப்புப் பொருளைச் சிறிதளவு வெளியிடுகிறது. கிருமிகள் சொற்பமாக உள்ளவரை அப்பொருளால் விளைவு ஏதுமில்லை. ஒரு மில்லி சாற்றில் சுமார் ஒரு கோடி கிருமிகள் சேர்ந்ததும் அதன் செறிவு உயர்கிறது. ஆள் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உடனே 'பி.எச்.சி.ஏ.' என்ற தலைமை மரபணு வேலையைத் தொடங்குகிறது. மடை மாற்றுபவர் ஒரு வாய்க்காலை அடைத்து வேறொன்றைத் திறப்பது போல, இந்த ஒரு மரபணு நீந்தும் வேலையை நிறுத்திப் பிசின் சுரக்கும் வேலையைத் திறந்துவிடுகிறது. கொழகொழப்பான அப்பிசின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தால் சாவது இதனால்தான்.

கிருமிகளின் இந்தச் செய்திப் பொருளை 1997-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இனம் கண்டனர். தலைமை மரபணு பழுதான கிருமியைச் செலுத்தினால், செடி பெரும்பாலும் வாடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இத்தனை கணக்கு!

ஆகவே, வாட்டம் நம் கண்ணில் படும்போது கிருமி கோடிக்கணக்கில் பெருகிவிட்டது என்று பொருள். அதன் பிறகு இலை மீது மருந்து தெளிப்பதால் கடைக்காரருக்கே லாபம்.

சந்தேகமிருந்தால் வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் முனை மட்டும் படுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் இதே நோய்தான். அச்செடியை வேரோடும் வேர் மண்ணோடும் அகற்றி வயலுக்கு வெளியே எரித்துவிட வேண்டும். மண்ணில் சிதறிய கிருமிகள் மறுபடியும் நீந்தத் தொடங்கும். பாய்ச்சும் நீரே அவற்றுக்கு வாகனம். எனவே அந்த வரிசையின் நீரை அடுத்த பாத்திக்கு விடக் கூடாது. காய்ப்புப் பருவத்தில் வேரருகே ஆழமாகக் கொத்தவும் வேண்டாம்.

நோய் கண்ட நிலத்தில் அடுத்து கத்தரி, மிளகாய் வைக்காமல் நெல் அல்லது மக்காச்சோளம் பயிரிடுவது நல்லது. தண்ணீர் தேங்கும் நெல் வயலில் இக்கிருமி குறைகிறது. கத்தரியே வேண்டுமென்போர் சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றுகளை நடலாம். தக்காளிக்கு, நோயைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் கட்டிய ஒட்டு நாற்று ஏற்றது. விலை கூடுதல்தான், நோய் வந்த நிலத்துக்கு அது வீண் செலவல்ல. நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். புதைந்துவிட்டால் மேல்தண்டு தானே வேர்விட்டு, கிருமிக்குப் புது வாசல் திறந்துவிடும்.