சீரியலுக்கு வசனம் எழுதப் பழகுவது

சீரியல் டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்றும் பல நேரம் தனித்தனிப் பெயர்களில் வரும். புதிதாக எழுத வருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது மூன்றாவதுதான். கதையை ஒருவர் முடிவு செய்திருப்பார், காட்சி வரிசையை இன்னொருவர் போட்டிருப்பார். 'மருமகள் பீரோவில் கடிதத்தைப் பார்க்கிறாள், நாத்தனார் உள்ளே வருகிறாள்' என்ற அளவில் ஒரு குறிப்பு உங்கள் கைக்கு வரும். அதைப் பேச்சாக்க வேண்டும்.

கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் வரலாம். அரை மணி நேர ஸ்லாட்டில் டைட்டிலும் முன்கதையும் போனால் உங்களுக்கு மிஞ்சுவது 22 நிமிடத்தை ஒட்டி. அதற்குள் ஒவ்வொரு பிரேக்குக்கு முன்பும் ஒரு கேள்வியை விட்டுச் செல்ல வேண்டும். 'தொடரும்' போடும் இடத்தில் இருப்பதிலேயே பெரிய கேள்வி.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரம் ஒருமுறை வந்தது. தினசரித் தொடரான திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுகளைத் தாண்டியது. நாள்தோறும் புதுச் சம்பவம் வைத்து இந்தத் தூரத்தைக் கடக்கவே முடியாது. கடக்க வைப்பது ரகசியம். கடிதத்தில் இருப்பது நேயருக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியாது. முதலில் நாத்தனாருக்குத் தெரிகிறது: அவள் மிரட்டுவாள். பிறகு மாமனாருக்கு: அவர் மறைக்கச் சொல்வார். மாமியாருக்குப் பாதிதான் தெரிகிறது: அவர் தவறாகப் புரிந்துகொள்வார். ஒரே செய்தி, ஆளுக்கு ஒரு வாரம் ஓடும். 'இழுக்கிறார்கள்' என்று நாம் அலுத்துக்கொள்வது இதைத்தான். ஆனால் தெரிந்துகொள்ளும் ஒவ்வொருவரும் வேறு மாதிரி நடந்துகொண்டால் அது இழுவை ஆகாது. எல்லோரும் ஒரே மாதிரி அதிர்ந்து நின்றால்தான் இழுவை. எழுத உட்காரும்முன் யாருக்கு எது, எப்போது தெரிய வேண்டும் என்று கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வசனத்தைக் காதுக்கு எழுதுங்கள். பார்ப்பவர் பாதி நேரம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். "இவ்வளவு நேரமா தூங்காம என்ன பண்றே?" என்பதைவிட, "மணி பன்னெண்டு ஆகுது, பீரோகிட்ட என்ன அண்ணி தேடுறீங்க?" என்பது மேல். நேரம், இடம், உறவு, சந்தேகம் நான்கும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகின்றன.

கால்ஷீட்டும் உங்கள் கதையில் கை வைக்கும். மாமனாராக நடிப்பவர் இந்த மாதம் கிடைக்கமாட்டார் என்றால் அவரைத் திருப்பதிக்கு அனுப்ப வேண்டியதுதான். (சீரியல் பெரியவர்கள் அடிக்கடி புண்ணிய யாத்திரை போவதில் பக்தியின் பங்கு குறைவு.) வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி. இறங்கியிருந்தால் எழுதி வைத்த ட்ராக்கே மாறலாம்.

பயிற்சிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சீரியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எபிசோடைத் திரையைப் பார்க்காமல் கேட்டு, எந்தெந்த சீனில் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன தெரிந்தது என்று குறியுங்கள். பிறகு அடுத்த நாள் எபிசோடின் முதல் இரண்டு சீன்களை, அது ஒளிபரப்பாகும் முன்பே நீங்கள் எழுதுங்கள். இரவு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் நான்கு வரியில் முடித்ததை நீங்கள் எத்தனை வரிக்கு நீட்டியிருக்கிறீர்கள் என்பதை முதலில் எண்ணுங்கள்.