லொறியில் ஏறும் மாடும் வலி தணிக்கும் மருந்தும்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பால்மாடே எஞ்சிய முதல். லொறிப் பயணத்தின் நெரிசல், தாகம், அச்சம் அதன் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். சில நாட்களில் சளிச்சுரம் பிடிக்கலாம்.

பயணத்துக்கு முன் மெலொக்சிகாம் கொடுத்தால் உடலின் அழற்சி ஓரளவு தணிவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், நீர் வற்றிய மாட்டின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இவ்வகை மருந்து பாதிக்கும். ஆகவே வீட்டிலுள்ள நோமாத்திரையை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். மருந்து தேவையா, எவ்வளவு என்பதை மிருக வைத்தியர் தீர்மானிக்கட்டும். பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

ஏற்றுமுன் போதிய தண்ணீர் காட்டுங்கள். தளத்தில் வைக்கோல் பரப்புங்கள். வெயில் தாழப் புறப்படுங்கள். கன்றுக்குத் தனித் தடுப்பு வையுங்கள். இறக்கியதும் நிழலும் தண்ணீரும் முதலில், தீனி பிறகு.

வாயில்லாச் சீவனின் நோவைத் தணிப்பதும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பணியே.